கையெழுத்து அண்ணனுடையது, வயிறு அம்மாவுடையது

வாசகி ஒருவர் எழுதிய கடிதம்:

"என் அம்மாவுக்கு வயது 61. பித்தப்பைக் கல்லால் அடிக்கடி வலி வந்ததால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். 'சின்னதாக மூன்று நான்கு துளைதான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்' என்றார் டாக்டர். முந்தின நாள் இரவு பத்து மணிக்கு நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து, வராந்தாவில் நின்றிருந்த என் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அம்மா உள்ளே கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பயந்துவிடுவார் என்று நாங்களும் சொல்லவில்லை. மறுநாள் ஆபரேஷன் நடுவில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டியதாகிவிட்டது. விலா எலும்புக்குக் கீழே நீளத் தையல், ஏழு நாள் ஆஸ்பத்திரி வாசம். இப்போது உடம்பு தேறிவிட்டது. ஆனால் 'என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆஸ்பத்திரியில் கேட்டால், 'உங்கள் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. தேவைப்பட்டால் வேறு எந்தச் சிகிச்சையும் செய்யலாம் என்று படிவத்திலேயே இருக்கிறதே' என்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்ததா? நாங்கள் புகார் கொடுக்கலாமா?"

பதில்:

முதலில் அண்ணனைத் திட்டுவதை நிறுத்துங்கள். திட்டுவதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த மாதிரிக் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு, காலையில் ஆபரேஷன் என்ற பதற்றத்தில், ஒரு நர்ஸ் பேனாவை நீட்டி "இங்கே, இங்கே, இங்கே" என்று விரல் வைத்துக் காட்டினால் யாராக இருந்தாலும் போடுவார்கள். நான் 30 வருடத்துக்கு மேல் ஆபரேஷன் செய்த ஆள். என் வீட்டில் ஒருவருக்கு வந்தபோது நானும் அப்படித்தான், படிக்காமல் போட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. வயிற்றைத் திறந்தது தப்பா? அம்மாவிடம் கேட்காதது தப்பா? முதல் கேள்விக்கு, பெரும்பாலும் இல்லை என்பது என் பதில். இரண்டாவதற்கு ஆமாம்.

பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் கிளம்பி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய பித்தக்குழாயில் சேர்கிறது. சின்னதில் கிளிப் போட்டு வெட்ட வேண்டும், பெரியதைத் தொடக்கூடாது. ஆபரேஷனின் உயிரே அதில்தான் இருக்கிறது. அடிக்கடி வலி வந்து வந்து அந்த இடம் வீங்கி ஒட்டிப்போயிருந்தால், கேமராவில் எது சின்னது, எது பெரியது என்று பிடிபடாது. பிடிபடாமல் வெட்டி, பெரிய குழாய் அறுந்துவிட்டால் நோயாளிக்கு வருடக்கணக்கில் அவஸ்தை. அதனால் சந்தேகம் வந்தால் திற என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திறந்த டாக்டர் தோற்றுவிட்டதாக நினைக்கவேண்டாம். பல நேரம் அது நல்ல டாக்டரின் அடையாளம். உங்கள் அம்மாவின் விஷயத்தில் என்ன காரணத்துக்காகத் திறந்தார்கள் என்பது ஆபரேஷன் குறிப்பில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். நூறு பேருக்குத் துளை போட்டு ஆரம்பித்தால் சிலருக்குத் திறக்க வேண்டிவரும் என்பது அந்த டாக்டருக்கு முதல் நாளே தெரியும். திடீரென்று வானத்திலிருந்து விழுந்த விஷயம் இல்லை. "துளை போட்டு ஆரம்பிப்போம், உள்ளே பார்த்துவிட்டுச் சரியாக வராது என்றால் திறப்போம், திறந்தால் தையல் இவ்வளவு நீளம், ஆஸ்பத்திரியில் கூட சில நாள்." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லியிருந்தால் உங்கள் அம்மா கண் விழித்ததும் தையலைத் தடவிப் பார்த்து, "ஓ, அந்த இரண்டாவது வழி போலிருக்கு" என்று நினைத்திருப்பார். இப்போது அவர் மனதில் இருப்பது வலி இல்லை. தான் தூங்கும்போது தன்னைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுத்துக்கொண்டார்கள் என்ற நினைப்பு. அது தையல் பிரித்த பிறகும் போகாது.

இப்போது கையெழுத்து. புத்தி தெளிவாக இருக்கும் ஒரு பெரியவருக்காக இன்னொரு பெரியவர் சம்மதம் கொடுக்க முடியாது. மகன், மகள், கணவன், மனைவி யாரானாலும் சரி. உலகத்தில் பெரும்பாலான நாடுகளின் சட்டம் இதில் ஒரே பக்கம்தான். உங்கள் அண்ணன் போட்ட கையெழுத்தைக் குடும்பத்துக்குத் தகவல் தெரியும் என்பதற்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் சம்மதமாக வைத்துக்கொள்ள முடியாது.

இதில் இந்திய உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு, சமீரா கோலி வழக்கு. 44 வயதுப் பெண், மாதவிடாய்ப் போக்கு நிற்கவில்லை என்று டாக்டரிடம் போனார். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அவரே கையெழுத்துப் போட்டார். மயக்க மருந்தில் இருக்கும்போது ஒரு உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சம்மதம் வாங்கினார். உள்ளே போய்க் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். மருத்துவ ரீதியாக அந்த முடிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நல்ல எண்ணத்தில் செய்ததாகவே நீதிமன்றமும் எடுத்துக்கொண்டது. ஆனாலும், அந்தப் பெண் பெரியவர், மயக்கம் தெளிந்தால் அவரையே கேட்கலாம், அந்த நிமிடமே செய்யாவிட்டால் உயிர் போகும் நிலை இல்லை, அதனால் தாயின் சம்மதம் செல்லாது என்றது. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, நோயாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. தொகையைப் பார்த்து எனக்கே சப்பென்றுதான் இருந்தது.

உங்கள் வீட்டுக் கதைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அங்கே சொல்லாத உறுப்பை எடுத்தார்கள். இங்கே எடுக்கப்போவதாகச் சொன்ன அதே பித்தப்பையைத்தான் எடுத்தார்கள், போன வழி மாறிவிட்டது. நீதிமன்றம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்காது.

படிவத்தில் "தேவைப்பட்டால் வேறு எந்தச் சிகிச்சையும்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை நான் சர்வரோகநிவாரணி வரி என்பேன். பல படிவங்களில் அச்சடித்தே வைத்திருப்பார்கள். மேஜையில் படுத்திருப்பவரின் உயிருக்கு எதிர்பாராத ஆபத்து வந்தால் அதைச் சமாளிக்க அந்த வரி தேவையே இல்லை, அவசர நிலையில் உயிர் காக்கச் சட்டமே வழிவிடுகிறது. ஆபத்து இல்லாதபோது இந்த ஒரு வரியைக் காட்டி "எதையும் செய்யலாம்" என்று சொல்லவும் முடியாது. ஆக, வேண்டிய இடத்தில் அது தேவையில்லை, வேண்டாத இடத்தில் அது செல்லாது. எனக்கு அந்த வரியின் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் அதிகம்தான்.

இந்தச் சட்டம் ஒரே நாளில் வந்ததில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1905-இல் ஒரு வழக்கு. வலது காதில் ஆபரேஷன் செய்ய ஒரு பெண் சம்மதித்தார். மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்த்தால் இடது காதுதான் மோசம். இடதில் செய்தார், நன்றாகவும் செய்தார். நீதிமன்றம் அது தாக்குதல் என்றது. திறமையாகச் செய்தது பதில் ஆகாது, நல்ல நோக்கமும் பதில் ஆகாது. 1914-இல் நியூயார்க்கில் நீதிபதி கார்டோசோ, வயது வந்த, சித்தம் தெளிந்த ஒவ்வொருவருக்கும் தன் உடம்பில் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று எழுதினார். மருத்துவ மாணவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் வரி அது. அந்த வழக்கைப் போட்ட பெண் தோற்றுப்போனார் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி தரும நிறுவனம், அதனால் அதன்மேல் பொறுப்பு வராது என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்துக் கேள்வி, தொட அனுமதி கொடுத்தாயா இல்லையா என்பதோடு நின்றது. "விவரம் தெரிந்து தரும் சம்மதம்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் நுழைந்தது 1957-இல், கலிபோர்னியாவில், ஒரு பரிசோதனைக்குப் பிறகு கால்கள் செயலிழந்த ஒருவரின் வழக்கில். அதன்பின் சண்டை வேறு மாதிரி ஆனது. எவ்வளவு சொல்ல வேண்டும்? எந்த அளவுகோல்? "மற்ற டாக்டர்கள் எவ்வளவு சொல்வார்களோ அவ்வளவு" என்று பல காலம் நாங்களே எங்களுக்கு அளவுகோல் வைத்துக்கொண்டோம். வசதியாகத்தான் இருந்தது.

அதை ஆஸ்திரேலியாவில் உடைத்தது ஒரு பெண்ணின் கண். சின்ன வயதில் அடிபட்டு வலது கண் பார்வை ஏறக்குறைய இல்லை. அதைச் சரிசெய்யலாம் என்று ஆபரேஷனுக்குப் போனார். மிச்சமிருக்கும் நல்ல கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஓயாமல் கேட்டார். அதன்மேல் எதையாவது வைத்து மூடிவையுங்கள், தவறிப்போய் அதில் கை வைத்துவிடப் போகிறீர்கள் என்றுகூடச் சொன்னார். ஒரு கண்ணில் செய்தால் மற்றக் கண் பாதிக்கப்படுவது 14,000 பேரில் ஒருவருக்கு நடக்கும். டாக்டர் சொல்லவில்லை. அந்த ஒருவர் அவர்தான், பார்வை ஏறக்குறைய முழுக்கப் போயிற்று. 1992-இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், இந்த நோயாளிக்கு எது முக்கியம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மற்ற டாக்டர்கள் சொல்வார்களா மாட்டார்களா என்பது முடிவு செய்யாது என்றது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-இல் மான்ட்காமெரி வழக்கில் அதே இடத்துக்கு வந்தது. சர்க்கரை நோய் உள்ள, உருவத்தில் சிறிய ஒரு கர்ப்பிணி. குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்குப் பக்கம். சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்று டாக்டர் சொல்லாமல் விட்டார். குழந்தை மூளைப் பாதிப்போடு பிறந்தது. இந்தியாவின் 2008 தீர்ப்பு இந்த அளவுக்குப் போகவில்லை, டாக்டர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருக்கிறது. நாட்டுக்கு நாடு இப்படி வேறுபாடு இருக்கிறது.

பெரிய வழக்குகளைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக்கூடாது. என் கையில் நடந்ததையும் சொல்கிறேன்.

ஒரு பள்ளி ஆசிரியை, கழுத்தில் தைராய்டு கட்டி. நானே உட்கார்ந்து சொன்னேன்: ரத்தக் கசிவு, தொற்று, குரல் மாற்றம், கால்சியம் குறைதல். ரயில் நிற்கும் ஸ்டேஷன்களை ஒலிபெருக்கியில் வாசிப்பதுபோல் ஒரே மூச்சில். அவரே கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு பக்கத்திலும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து வந்தார். சாதாரணமாகப் பேச முடிகிறது, குரலை உயர்த்த முடியவில்லை. மூன்றாவது பீரியடுக்குள் தொண்டை ஓய்ந்துவிடுகிறது. குரலை இழுத்துக்கட்டும் தசைக்குப் போகும் மெல்லிய நரம்பு ஒன்று தைராய்டின் மேல்முனையை உரசிக்கொண்டு போகும். அது பட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நீங்க சொல்லலைன்னு சொல்லமாட்டேன் டாக்டர். சொன்னீங்க. என் வேலையே கத்துறதுதான்னு உங்களுக்குத் தோணலை, அவ்வளவுதான்." அவர் போன பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், வயதுக்கு அடுத்த கட்டத்தில், என் கையெழுத்திலேயே "தொழில்: ஆசிரியர்" என்று இருந்தது.

தெரிந்திருந்தால் ஆபரேஷனே வேண்டாம் என்றிருப்பாரா என்று கேட்டேன். "செஞ்சிருப்பேன். பரீட்சை முடிஞ்சு லீவுல செஞ்சிருப்பேன்" என்றார். கட்டிக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனில் 2004-இல் முதுகெலும்பு ஆபரேஷன் ஒன்றைப் பற்றிய வழக்கில் இதே கேள்வி வந்தது. ஆபத்தைச் சொல்லி எச்சரித்திருந்தால் அன்றைக்குச் செய்துகொண்டிருக்க மாட்டேன், யோசித்திருப்பேன் என்று மட்டும்தான் வழக்குப் போட்ட பெண் சொன்னார். வாழ்நாள் முழுக்க மறுத்திருப்பேன் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று, அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் அம்மாவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது. ஆசிரியை போட்ட கையெழுத்துகள் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. சம்மதம் என்பது இரண்டு பேர் பேசிக்கொண்டது. காகிதம் அந்தப் பேச்சு நடந்ததற்கான ரசீது. உங்கள் வீட்டில் நடந்தது, சாமானே வாங்காமல் ரசீது மட்டும் வாங்கியது.

இன்னொன்று. இதைக் கேட்க உங்களுக்குப் பிடிக்காது. "பயந்துவிடுவார் என்று நாங்களும் சொல்லவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வராந்தாவில் நர்ஸ் அம்மாவைத் தாண்டி அண்ணனிடம் வந்ததற்கு, நீங்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த சமிக்ஞையும் ஒரு காரணம். "அவங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க டாக்டர், எங்ககிட்ட சொல்லுங்க." வாரத்தில் பாதி நாள் நாங்கள் கேட்கும் வசனம் இது. சொல்பவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டும் டாக்டருக்கு வேலை மிச்சம். நோயாளியிடம் சொல்லாமல் மறைக்கச் சட்டம் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருக்கிறது: சொன்னால் அவருக்கே பெரிய கேடு வரும் என்றால் மட்டும். பயப்படுவார், வேண்டாம் என்றுவிடுவார் என்பதெல்லாம் அந்த ஜன்னலில் நுழையாது. பயம் வருவது இயல்பு. வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை. "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அம்மாவே சொல்லியிருந்தால் அது வேறு, அதையும் மதிக்க வேண்டும். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும்.

வயதானவர்தானே, புரியாது என்பார்கள். வயது அளவுகோலே இல்லை. சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும் வரை நினைவில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமையைத் தூக்கிப் பார்க்கிறாரா, தன் முடிவை எப்படியாவது தெரிவிக்கிறாரா, இவ்வளவுதான் பார்ப்போம். அதுவும் இந்த ஒரு முடிவுக்கு மட்டும். பணக் கணக்கில் தடுமாறுகிறவர் பித்தப்பை விஷயத்தில் தெளிவாக இருக்கலாம்.

புகாருக்கு வருகிறேன். அம்மாவின் கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, சம்மதப் படிவம், மயக்க மருந்துப் பதிவு, நான்கின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட நேரம், யார் விளக்கினார்கள் என்ற பெயர், மாற்று வழிகள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். காலியாக இருந்தால் காலியாக இருப்பதும் ஒரு சாட்சிதான். பிறகு ஆபரேஷன் செய்த டாக்டரையே நேரில் பார்க்க நேரம் கேளுங்கள். கோபத்தோடு போகலாம், கூட்டத்தோடு போகாதீர்கள். "ஏன் திறந்தீர்கள்" என்பதைவிட "திறக்க வேண்டிவரலாம் என்று அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். இரண்டாவதில் கொஞ்சம் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றத்தில்தான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். அனுபவத்தில் சொல்கிறேன், நோயாளிகள் பாதிப் பேர் கேட்பது ஒரு நேரான "மன்னித்துவிடுங்கள்" மட்டும்தான், அது கிடைக்காமல்தான் வக்கீலிடம் போகிறார்கள்.

வழக்கு என்று போனால், கேட்காமல் செய்தது நிரூபணமாகலாம். ஆனால் "சொல்லியிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன், அதனால் இந்த நஷ்டம் வந்திருக்காது" என்பதையும் பெரும்பாலும் காட்ட வேண்டிவரும். வலியோடு வந்த பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன்தான் வழக்கமான வழி என்பதால், எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் உட்காருவார். பெரிய தொகையை எதிர்பார்த்துப் போகவேண்டாம். படிவம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பதற்காக ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதுவது, என் கணக்கில், அதிகப் பலன் தரும். வழக்குத்தான் என்று முடிவெடுத்தால் காலக்கெடு உண்டு, ஒரு வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள்.

ஆனால் இதில் எதையும் தொடங்கும் முன் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். நான் மூன்று முறை படித்தேன். "நாங்கள் புகார் கொடுக்கலாமா" என்று இருக்கிறது. அம்மாவுக்குப் புகார் கொடுக்க விருப்பமா, டாக்டரைப் பார்க்க விருப்பமா, இதையெல்லாம் கிளறாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறாரா, ஒரு வரிகூட இல்லை. நகல் கேட்கும் விண்ணப்பத்தை அவர் பெயரில்தான் எழுத வேண்டும். இந்த முறை படிவத்தை வராந்தாவில் வைத்து நிரப்பாமல், உள்ளே கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.